தலைவர் கடிதம் இல்லாமல் நடக்க வேண்டிய வேலை

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வாரத்தில் கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உடுப்புத் துவைக்க, விறகு பொறுக்க, பிள்ளைகளைப் பார்க்க என்று வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும். அதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நமக்குத் தரப்பட்ட தலைப்பு, மலையக மக்களின் அரசியல் பார்வை எப்படி மாறியிருக்கிறது என்பது. எந்தச் சின்னத்துக்கு வாக்களிக்க வேண்டும் என்று சொல்ல நாம் இங்கே வரவில்லை. இன்று ஒரே காம்பராவில் தாய் ஒரு சின்னத்துக்கும் மகள் வேறொரு சின்னத்துக்கும் போடுகிறார்கள். போடட்டும். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று நமக்குள் நடந்திருக்கிறது. அரசியலைப் பார்த்து நாம் கேட்கும் கேள்வி மாறியிருக்கிறது. முன்பு, "நமக்கு யார் செய்து தருவார்?" என்று கேட்டோம். இப்போது, "யாரையும் தெரியாத ஒரு ஏழைக்கும் இந்த வேலை நடக்குமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

முதல் கேள்வியை யாரும் ஏளனமாக நினைக்க வேண்டாம். அந்தக் கேள்வி பிறந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நம் மக்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களைப் பெற்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் நம் வாக்கு உதவியது. அடுத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். 1952இல் நம் முன்னோர் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வாக்கு திரும்பவில்லை. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்த மிச்சத்தை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து மடுவத்தில்கூட இரண்டு தடவை தராசைப் பார்ப்பார்கள். மனிதரைப் பிரித்தபோது அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாக்கில்லாத மக்களைத் தேடி எந்த உறுப்பினரும் மலை ஏறமாட்டார். அரச உத்தியோகம் கிடையாது, காணி கிடையாது. ஒரு பிறப்புச் சான்றிதழ் எடுக்க, ஆஸ்பத்திரிக்கு வண்டி கேட்க, துரையிடம் ஒரு சொல் சொல்ல, சங்கத் தலைவரைத் தவிர நமக்கு ஆள் இல்லை. அதனால்தான் "தலைவரே, ஒரு லெட்டர் எழுதித் தாங்க" என்ற பழக்கம் வந்தது. வாக்கில்லாதவருக்கு அந்தக் கடிதம்தான் வாக்காக இருந்தது. முப்பது வருடம் கழித்து, 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பின்னர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் நாடற்றவர் என்ற பெயர் நீங்கியது. வாக்கை வாங்கித் தந்தவருக்கே முதல் வாக்கைப் போட்டார்கள் நம் பெரியவர்கள். அது நன்றிக் கடன். அதை மதிக்கிறோம்.

ஆனால் வாக்கு கைக்கு வந்த பிறகும் பல வேலைகள் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று தேடிப் போனபோதுதான் நம் பார்வை மாறியது. எல்லா இடத்திலும் ஒரு கெட்ட அதிகாரி உட்கார்ந்திருக்கவில்லை. பல இடத்தில் தடுத்தது ஒரு விதி. தாளில் படித்தால் அது எல்லோருக்கும் பொதுவான விதி போலத்தான் இருக்கும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளிக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று அதில் ஒரு வரியும் எழுதவில்லை. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றுதான் கேட்டது. நாட்டில் எல்லோருக்கும் அதே கேள்விதான். ஆனால் தகப்பனும் பாட்டனும் பிறந்ததற்குப் பத்திரம் எந்த லயத்தில், எந்தத் தகரப் பெட்டியில் இருந்தது? கேள்வி ஒன்றுதான். பதில் சொல்லக்கூடிய நிலை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை.

பிரதேச சபையைப் பாருங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். அதன் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று பல காலம் சொன்னார்கள். சபைக்கு ஆள் அனுப்ப நாம் வாக்களிக்கலாம். வாக்குக் கேட்டு லயத்துக்கு வர அபேட்சகருக்குப் பாதை உண்டு. அதே பாதைக்கு ஒரு லோட் கல் கொட்டச் சபைக்கு வழியில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் ஆறு சபைகளாகப் பிரிந்து வந்தன. எத்தனையோ தேர்தல் மேடையில் எத்தனையோ பேர் பாதை போட்டுத் தருவதாக வாக்குறுதி தந்தார்கள். சட்டத்தில் ஒரு பிரிவு குறுக்கே நிற்கிறது என்பதை மேடையில் கேட்டவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது முகவரி. பல தோட்டங்களில் நமக்கு வரும் கடிதம் தோட்ட ஆபிஸுக்குப் போய், அங்கிருந்து கை மாறித்தான் வீட்டுக்கு வருகிறது. எங்கள் பகுதியில் ஒரு பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. அது அவள் கைக்குக் கிடைத்தபோது பரீட்சைத் தேதி போய்விட்டது. யாரும் அவளை வேண்டுமென்று தடுக்கவில்லை. வீட்டுக்கு இலக்கம் இல்லை, தபால்காரர் படி ஏறவில்லை, அவ்வளவுதான். கடிதம் அனுப்பிய காரியாலயத்தின் கோப்பில், "விண்ணப்பதாரி சமூகமளிக்கவில்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

2023இல் அஸ்வெசும வந்தது. 6 துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி கணக்கிட்டு, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் முறை. முறை என்ற அளவில் அதை நாம் எதிர்க்கவில்லை. ஆள் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதைவிடப் புள்ளி போட்டுக் கொடுப்பது எவ்வளவோ மேல். ஆனால் படிவத்தை நிரப்பும்போது நம் வாழ்க்கை அந்தக் கட்டங்களுக்குள் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். லயக் காம்பராவைச் சொந்த வீடு என்று எழுதுவதா, வாடகை வீடு என்று எழுதுவதா? ஒரே காம்பராவில் அடுப்பு இரண்டாக இருந்தால் அது ஒரு குடும்பமா, இரண்டா? வேலைநாள் மாதத்துக்கு மாதம் கூடிக் குறையும் ஒருவருக்கு மாத வருமானம் எது? இதைக் கேட்டுப் பதிய வந்தவரோடு நமக்குச் சண்டை இல்லை. கட்டங்களை வரைந்தபோது லயத்தை நினைத்துப் பார்த்தார்களா என்பதுதான் நம் கேள்வி.

பொது நிர்வாகத்தில் நியாயம் என்றால் எல்லோரிடமும் ஒரே படிவத்தைக் கொடுப்பது மட்டும் போதாது. அந்தப் படிவத்தை நிரப்பக்கூடிய நிலைக்கு எல்லோரையும் கொண்டுவருவதும் நியாயத்தில் சேரும். மேட்டில் இருப்பவருக்கும் பள்ளத்தில் இருப்பவருக்கும் ஒரே நீள ஏணியைக் கொடுத்தால், ஏணி சமம்தான். ஏறி வந்து சேர்வது ஒருவர் மட்டும்தான்.

விதியைத் திருத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் அனுபவத்திலேயே சாட்சி இருக்கிறது. 1984 வரை, ஒரே தோட்டத்தில் ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அந்த வருடப் போராட்டத்துக்குப் பின் இருவருக்கும் சம நாட்சம்பளம் வந்தது. இங்கே இருக்கும் அக்காமாரைக் கேட்கிறோம். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் வேண்டும் என்று உங்களில் யாராவது இன்று தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஆபிஸுக்குப் போகிறீர்களா? இல்லை. எந்தச் சங்கத்தில் இருந்தாலும், சங்கமே இல்லாவிட்டாலும் அது கிடைக்கிறது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் தோட்டத்தின் கையிலேயே கிடந்தது. எழுபதுகளில் அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகுதான், நம் பிள்ளைக்கும் அதே புத்தகம், அதே பரீட்சை என்றானது. இன்னும் ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறது, கட்டடம் இல்லை, உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க ஊர் விட்டு ஊர் போகவேண்டியிருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு கதவு திறந்ததால் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை உத்தியோகத்தர்கள் லயத்திலிருந்து புறப்பட்டார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்பார்: "கடிதம் எழுதாவிட்டால் தலைவருக்கு என்ன வேலை? சந்தா கட்ட யார் வருவார்?" நியாயமான கேள்வி. கடிதம் எழுத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்று கைக்குழந்தையோடு வாசலில் நிற்கும் தாயிடம், விதி மாறும்வரை பொறுத்திரு என்று சொல்ல முடியாது. எழுதிக் கொடுங்கள். ஆனால் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு கொப்பியில் பதியுங்கள். யாருக்கு, எந்தக் காரியாலயத்துக்கு, என்ன காரணத்துக்கு, என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். ஒரே காரணத்துக்கு ஐந்து பேருக்குக் கடிதம் எழுதியிருந்தால், அது அந்த ஐந்து பேருடைய குறை இல்லை. அந்தக் காரியாலயத்தின் முறையில் குறை இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். ஒரு கடிதம் ஒருவருக்குக் கதவு திறக்கும். ஐந்து கடிதத்தைச் சேர்த்து வைத்துப் பேசினால் பூட்டையே மாற்றச் சொல்லலாம்.

இதற்குச் சட்டத்தில் கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச சபையிடம், பிரதேச செயலகத்திடம், வலயக் கல்விக் காரியாலயத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். அந்த உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கிறது. இது பிரஜைகளுக்கு உரிய சட்டம் என்பதை மறக்காதீர்கள். பிரஜை என்ற அந்த ஒரு சொல்லுக்காக நம் முன்னோர் நாற்பது வருடம் காத்திருந்தார்கள். தேர்தல் நாளில் மட்டும் அதைப் பயன்படுத்துவது போதாது.

கடைசியாக, நம் வீட்டு விஷயம். நியாயத்தைக் காரியாலயத்திடம் மட்டும் கேட்டால் போதாது. காணியும் வீடும் வரும்போது பட்டியலில் யார் பெயர் முதலில் வருகிறது? அந்தக் குடும்பம் எந்தச் சங்கம் என்று பார்க்கிறோமா, காம்பராவில் எத்தனை உயிர் இருக்கிறது என்று பார்க்கிறோமா? மண்சரிவு அபாயத்தில் இருக்கும் லயத்தைப் பார்க்கிறோமா, தலைவரின் சொந்தத்தைப் பார்க்கிறோமா? இது எல்லாச் சங்கங்களுக்கும் பொருந்தும். நம் சங்கத்துக்கும் பொருந்தும். நாம் அரசாங்கத்திடம் கேட்கும் அதே முறையை நம் தோட்டத்தில் நடத்திக் காட்டினால்தான் நம் வாய்க்குப் பலம்.

ஆகவே மூன்று விஷயங்களை இன்று உங்கள் முன் தீர்மானமாக வைக்கிறோம். ஒன்று, வீட்டுப் பட்டியலானாலும் நிவாரணப் பட்டியலானாலும், காரணத்தோடு பிள்ளை மடுவச் சுவரில் ஒட்ட வேண்டும். எல்லோரும் படிக்க வேண்டும். இரண்டு, உதவி கேட்டு வருபவரிடம் எந்தச் சங்கம் என்று கேட்கக்கூடாது. மூன்று, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கடிதக் கொப்பி வைத்திருக்க வேண்டும். எழுதும் பொறுப்பைப் படித்த ஒரு பெண்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்றையும் பேசி, திருத்த வேண்டியதைத் திருத்தி, பகல் சாப்பாட்டுக்கு முன் கையுயர்த்தி முடிவெடுங்கள். ஏற்றுக்கொண்டால், அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கொப்பியையும் கொண்டுவாருங்கள். முதல் பக்கத்திலிருந்து சேர்ந்து படிப்போம்.