வந்த நிலத்துப் பூ

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



சங்கப் பாடல்களைப் பாடசாலையிலே கற்பிக்கத் தொடங்கும்போது மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது முதல், கரு, உரி என்னும் மூன்றையும்தான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துக்குரிய தெய்வம், மரம், புள், விலங்கு, பூ முதலியன கருப்பொருள். முல்லைப் பூ என்றால் காடும் கார்காலமும் மாலை நேரமும் கூடவே வந்துவிடும். பூவைச் சொன்னால் நிலத்தைச் சொன்னதாகும். இது நம் முன்னோர் கண்ட முறை.

பரீட்சை எழுதி முடிந்ததும் மறந்துவிடுகிற இந்தப் பாகுபாடு, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் பல்கனியிலே ஓர்கிட் வளர்க்கிறவருக்கு உதவுமா? உதவும் என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

தொல்காப்பியர் அகத்திணையியலிலே ஒரு விதி சொல்கிறார். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறு நிலத்திலே காணப்பட்டால் என்ன செய்வது? அவை எந்த நிலத்துக்கு வந்தனவோ அந்த நிலத்துக்குரியனவாகவே கொள்ளப்படும் என்பது அவர் தரும் விடை. பூ இடம்பெயரும் என்பதை அவர் அறிந்திருந்தார். இடம்பெயர்ந்த பூவை அந்நியம் என்று அவர் தள்ளவில்லை. இந்த விதியை ஓர்கிட்டோடு சேர்த்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். மரக்கிளையிலே வளரும் ஓர்கிட்டைக் கண்டால், "மரத்தை உறிஞ்சிக் குடிக்கிற புல்லுருவி" என்று சொல்வோர் உண்டு. புல்லுருவி வேறு, ஓர்கிட் வேறு. புல்லுருவி தன் வேரை மரத்துக்குள்ளே இறக்கி அதன் சாற்றை எடுக்கும். மரத்தின்மேல் வாழும் ஓர்கிட்டோ பற்றிக்கொள்ள ஓர் இடத்தை மாத்திரமே கேட்கிறது. அதன் வேரை மூடியிருக்கும் வெண்மையான, பஞ்சு போன்ற உறை மழைநீரையும் பனியையும் ஒற்றி எடுத்துக்கொள்ளும். நீர் பட்டதும் அந்த வெண்மை மறைந்து பச்சை தெரியும். உக்கிய இலைத்துகளும் பறவை எச்சமும் கரைந்துவரும் நீரே அதற்குப் பசளை. மரத்திடமிருந்து அது உணவு எடுப்பதில்லை.

வாடகை வீட்டிலே வாழ்ந்து பழகிய கொழும்புத் தமிழருக்கு இந்த வேறுபாட்டை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இனி, நமக்கு நெருங்கிய ஒரு பூவைப் பார்ப்போம். ரின்கோஸ்ரைலிஸ் ரெற்றூசா என்பது அதன் அறிவியற் பெயர். நரிவால் ஓர்கிட் என்று உலகிலே பலரும் அழைப்பர். இலங்கையிலே அதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயரின் பொருள் "மட்டக்களப்பு ஓர்கிட்" என்பது. வெண்மையிலே இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெளித்த சிறு பூக்கள் நூற்றுக்கு மேல் நெருங்கி, ஒரே சரமாகத் தொங்கும்; மணமும் உண்டு. இதே பூவை அசாமிலே பிகு விழாவில் ஆடும் பெண்கள் கொண்டையிலே சூடிக்கொள்கிறார்கள். அசாம், அருணாசலப் பிரதேசம் ஆகிய இரு மாநிலங்களும் இதைத் தமது மாநில மலராகக் கொண்டுள்ளன. அங்கே பாட்டிலும் ஆட்டத்திலும் வாழ்கிற ஒரு பூ, நம்முடைய ஊரின் பெயரைத் தாங்கியும் நம்மிற் பலர் அறியாத பூவாக இருக்கிறது. ஊர்ப் பெயரையும் பிறர் மொழியிலிருந்துதான் நாம் கேட்டறியவேண்டியிருக்கிறது.

இதை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வளர்க்கலாமா? வளர்க்கலாம். தாழ்நிலத்து வெப்பம் அதற்குப் பழக்கமானதே. ஆனால் மண்ணிலே நடக்கூடாது. மரத்துண்டிலே கட்டித் தொங்கவிடலாம். அல்லது பக்கமெல்லாம் துளையுள்ள மண்சாடியிலே சிரட்டைக்கரி, உடைந்த ஓட்டுத்துண்டு, ஊறவைத்துச் சாறு போக்கிய பொச்சுத்துண்டு ஆகியவற்றை இட்டு வைக்கலாம். காற்று ஊடாடவேண்டும். காலையிலே நீர் தெளித்தால் மாலைக்குள் வேர் உலர்ந்துவிடவேண்டும். இரவெல்லாம் ஈரம் தேங்கினால் அழுகல் நோய் வரும். பசளையை மிக ஐதாகக் கரைத்துத் தெளித்தாற் போதும். வேரை அடிக்கடி கிளறுவது இதற்குச் சற்றும் பிடிக்காது. வெள்ளவத்தையிலே கடற்காற்றின் உப்பு இலையிற் படியும். அதை நல்ல நீரால் கழுவிவிடவேண்டும். கொட்டாஞ்சேனையின் நெருங்கிய மாடிகளிலே எதிர்ச்சுவரின் வெக்கை அடிக்கும்; மதிய வெயிலுக்கு ஒரு நிழல்வலை தேவைப்படும். வெளிச்சம் போதுமா என்பதை இலையே சொல்லும். கரும்பச்சையாய்ச் செழித்திருந்தால் வெளிச்சம் குறைவு. அந்தச் செழிப்பிலே பூ வராது. சற்று மஞ்சளோடிய பச்சையே பூக்கும் இலையின் நிறம்.

இவ்வளவும் நிலம் பற்றிய பேச்சு. நிலத்தை ஓரளவுக்கு நாம் செய்து கொடுத்துவிடலாம். பொழுது அப்படியல்ல.

இதற்குப் புறா ஓர்கிட் நல்ல சான்று. டென்ட்ரோபியம் குறுமெனாற்றம் என்பது அதன் அறிவியற் பெயர். மொட்டுகளைச் சிறிதாக வைத்துக்கொண்டு அது காத்திருக்கும். கடும் வெயிலுக்குப் பின் திடீரென மழை கொட்டி, வெப்பம் சட்டென்று ஐந்து பாகை அளவு இறங்கவேண்டும். அதிலிருந்து ஏறத்தாழ ஒன்பதாம் நாள் அந்தப் பகுதியிலுள்ள செடிகள் எல்லாம் ஒருங்கே பூக்கும். வெள்ளைப் புறாக்கள் வந்து இருந்ததுபோல இருக்கும். ஒரு நாள் மணந்து, வாடிவிடும். பல்கனியிலே நீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தாலும் வராத பூ, ஒரு மழைக்கு வந்துவிடுகிறது. வீடு எதுவானாலும் செடி தன் பெரும்பொழுதை மறப்பதில்லை.

மலைநாட்டு ஓர்கிட்டுகள் கொழும்பிலே இலை விட்டும் பூவாதிருப்பதற்குக் காரணமும் இதுவே. களனி கங்கையின் வழியை நினைத்துப் பாருங்கள். சிவனொளிபாத மலைப்பக்கத்துக் குளிரிலே தொடங்கி, கித்துல்கலை மழைக்காடுகளைக் கடந்து, கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளியில் கடலோடு கலக்கிறது. அந்தச் சிறு தூரத்துக்குள்ளே குறிஞ்சியும் நெய்தலும் வந்துவிடுகின்றன. நீர் இறங்கி வரும். மலையின் குளிர்ந்த இரவு கூட இறங்கி வராது.

சில பூக்கள் நிலத்தையும் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. வெசாக் காலத்தையொட்டிப் பூப்பதால் சிங்களத்திலே "வெசக் மல்" என்று பெயர் பெற்ற ஓர்கிட் அத்தகையது. உலகிலே இலங்கையில் மாத்திரம் இயற்கையாக வளர்வது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்ஸ் கண்டறிந்த இச்செடிக்கு 1855இல் அறிவியற் பெயர் இடப்பட்டது. அப்போது குடியேற்றச் செயலாளராக இருந்து, 1860இல் தேசாதிபதியான மக்கார்த்தியின் மனைவியின் பெயரே அது. இரத்தினபுரி, களுத்துறைப் பகுதிகளின் ஈரக் காடுகளிலே, மெல்லிய தண்டுகள் தொங்க, ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்திலே பூக்கும். காட்டின் ஓயாத ஈரமும் நிழலும் இல்லாத இடத்திலே அதைக் காப்பாற்றுவது அரிது.

அரிது என்ற சொல்லே அதற்கு எமனாகியது. அழகிய பூ என்பதால் பிடுங்கினார்கள். பிடுங்கப் பிடுங்க அரிதாயிற்று. அரிதானதும் விலை கூடியது. விலை கூடியதும் இன்னும் பிடுங்கினார்கள். காடழிவும் சேர்ந்துகொண்டது. இலங்கையிலே ஏறத்தாழ 190 ஓர்கிட் இனங்கள் உண்டு; அவற்றுள் ஐம்பதுக்கு மேற்பட்டவை வேறெங்கும் இல்லாதவை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1979இல் இலங்கை சேர்ந்துகொண்ட சர்வதேச வர்த்தக உடன்படிக்கையும் காவலுக்கு உள்ளன. ஆனால் வாங்குகிறவர் கேட்காவிட்டால் சட்டம் தனியே என்ன செய்யும்?

காட்டுக் கன்று இல்லாமலே இன்று ஓர்கிட் வளர்க்கலாம். ஒரு காயிலே இலட்சக்கணக்கான விதைகள் இருக்கும். ஆனால் அவை தூசி போன்றவை, உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. ஒருவகைப் பங்கசு துணைக்கு வந்தாலே முளைக்கும் என்பதை 1899இல் பிரான்சிலே நோயல் பேர்னார்ட் கண்டார். பங்கசு இல்லாமலே, சீனி கலந்த கூழிலே முளைக்கவைக்கலாம் என்று 1922இல் அமெரிக்காவிலே லூயிஸ் நட்சன் காட்டினார். அந்த வழியிலே போத்தலுக்குள் வளர்ந்த கன்றுகளையே நாம் தேடி வாங்கவேண்டும். விதையிலிருந்து பூவுக்கு நான்கைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் செல்லும். அந்தக் காத்திருப்பும் வளர்ப்பின் ஒரு பகுதிதான். 1934இலேயே ஓர்கிட் வட்டம் அமைத்துக்கொண்ட நாடு இது, அறிவுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே, நேயர்களே, அபூர்வமான ஓர்கிட் ஒன்றை வாங்கப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்னே ஊரைக் கேளுங்கள். இது எந்த நிலத்துச் செடி? எந்தப் பொழுதிலே பூப்பது? ஆய்வுகூடத்திலே பிறந்ததா, கிளையிலிருந்து கிழிக்கப்பட்டதா? வேரிலே காட்டு மரப்பட்டை ஒட்டியிருந்தால் அதை வாங்காது விட்டுவிடுங்கள்.

வந்த பூ வந்த நிலத்துக்குரியது என்று தொல்காப்பியர் சொன்னார். அந்த உரிமையைக் கொடுக்கிற நிலத்துக்கு ஒரு கடமையும் உண்டு. வந்ததன் பொழுதை அது மதிக்கவேண்டும். பூவுக்கு மாத்திரமன்றி, ஊரைவிட்டு வந்து இந்த நகரத்திலே வேர்விட்ட மனிதருக்கும் இது பொருந்தும் என்பதை நீங்களே உணர்வீர்கள்.