மூச்சும் கையும்

இந்த வாசகர் வட்டத்தை விடாமல் நடத்திவரும் நூலகர் அவர்களே, முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, பின்வரிசையில் கைப்பேசியைத் தடவியபடி உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, தாய்மார்களே!

யோகா நாளை ஒட்டி ஒரு பேச்சு வேண்டும் என்றார்கள். யோகாவோடு மசாஜையும் சேர்த்துப் பேசுகிறேன் என்றேன். தொலைபேசியில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஐயா, குடும்பத்தோடு வருவார்கள்" என்றார் நண்பர். குடும்பத்தோடு வருவார்கள் என்பதால்தான் பேச வேண்டும் என்றேன்.

ஏன் இந்தத் தயக்கம்? ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவரில் ஒருவரைப் படிக்கவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, இன்னொருவரை யாராவது விசாரித்தால் பேச்சை மாற்றுவது போலத்தான் இவை இரண்டையும் நடத்தி வருகிறோம். 2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21-ஐ உலக யோகா நாளாக அறிவித்தது. 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருவதில் கூட்டுச் சேர்ந்தன. 2016-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யோகா ஏறியது. பெருமைதான், கைதட்டலாம். அதே பட்டியலில் 2019-இல் தாய்லாந்து தன் 'நுவாட் தாய்' என்னும் மசாஜ் கலையை ஏற்றிவிட்டது. பாங்காக்கில் வாட் போ என்ற கோயிலில் அந்தக் கலையின் வரைபடங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கலையின் ஆதிகுரு என்று அவர்கள் யாரைக் கும்பிடுகிறார்கள் தெரியுமா? புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரை. நம் மண்ணின் வைத்தியர் அங்கே கோயிலில் இருக்கிறார். இங்கே மசாஜ் என்றால் நாம் நெளிகிறோம்!

நம்மிடம் இல்லாத கலையா இது? சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32 வகை, வெளிமருந்து 32 வகை. அந்த வெளிமருந்துகளில் ஒன்று தொக்கணம். அது ஒன்பது விதம்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஒவ்வொன்றையும் எங்கே செய்வது, யாருக்குச் செய்வது என்று முறை வகுத்திருக்கிறார்கள். குமரி மாவட்டத்துக்குப் போனால் வர்ம ஆசான்கள் இருக்கிறார்கள். சிலம்பத்தில் அடிபட்டு வந்தவனைத் தடவிப் பார்த்தே எங்கே பிசகு என்று சொன்ன பரம்பரை அது.

முதலில் யோகாவுக்கு வருகிறேன். பதஞ்சலி சொன்ன எட்டுப் படிகளில் ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. முதல் படி இயமம். அந்த இயமத்திலும் முதலில் நிற்பது அகிம்சை. யாருக்கு அகிம்சை? ஊராருக்கு மட்டுமா? என் முழங்காலுக்கும்தான்! பக்கத்துப் பாயில் இருப்பவர் காலைத் தலைக்கு மேல் கொண்டுபோகிறாரே என்று நானும் இழுத்து, சுளுக்கிக்கொண்டு வீடு போனால், மூன்றாம் படிக்காக முதல் படியை உடைத்தவன் ஆகிறேன்.

இதை நன்றாக உணர்ந்த ஒரு பெரியவர் நம் சென்னையில் வாழ்ந்தார். திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888-இல் பிறந்து 1989 வரை, நூறு ஆண்டு வாழ்ந்தவர். மைசூர் அரண்மனையில் யோகா கற்றுக்கொடுத்தவர். உலகமெங்கும் பேர்பெற்ற பி.கே.எஸ். ஐயங்கார் அவருடைய மாணவர்தான். கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். 1976-இல் அப்பாவின் பெயரிலேயே சென்னையில் யோக மந்திரம் தொடங்கினார். அந்த வழியின் சாரம் எளியது: மனிதனுக்கு ஏற்ப யோகா. யோகாவுக்கு ஏற்ப மனிதனை வளைக்கக் கூடாது. கர்ப்பிணிக்கு ஒன்று, ஆஸ்துமாக்காரருக்கு ஒன்று, நாற்காலியை விட்டு எழ முடியாதவருக்கு ஒன்று. பாயில் உட்கார முடியவில்லையா? நாற்காலியிலேயே ஆரம்பியுங்கள். யோகா கோபித்துக்கொள்ளாது.

உடம்புக்கு என்ன கிடைக்கிறது? இடுப்பு வலியையே எடுத்துக்கொள்வோம். இந்த அரங்கில் பாதிப் பேருக்கு அது உண்டு, மீதிப் பேருக்கு வரப்போகிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பு 2017-இல் இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முதலில் மாத்திரை வேண்டாம் என்றது. புதிதாக வந்த வலி என்றால் ஒத்தடம், மசாஜ் போன்றவற்றைப் பார். நாள்பட்ட வலி என்றால் உடற்பயிற்சி, யோகா போன்றவற்றைப் பார். அதற்கும் கேட்கவில்லை என்றால் மருந்துக்குப் போ என்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் போட்டு நீவிவிட்டு, "கொஞ்சம் நடந்து பாரு" என்று சொன்ன அதே வரிசை!

சரி, உள்ளத்துக்கு என்ன? இப்போது ஒரு சின்னச் சோதனை செய்வோம். எல்லோரும் நிமிர்ந்து உட்காருங்கள். தம்பி, கைப்பேசியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். மனத்துக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை.

போதும். தோள் கொஞ்சம் இறங்கியிருக்குமே? மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் விரைகிறது, விடும்போது நிதானப்படுகிறது. வெளிமூச்சு நீண்டால் நிதானமும் நீள்கிறது. ஆத்திரத்தில் இருப்பவனிடம் "அமைதியாக இரு" என்றால் அவனுக்கு ஆத்திரம் கூடும். மனத்துக்கு நேராக உத்தரவு போட முடியாது. மூச்சு வழியாகச் சொன்னால் அது கேட்கும். பள்ளித் தேர்வுக்கு முன்னால் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இப்போது நீங்கள் விட்டது நிமிடத்துக்கு ஆறு மூச்சுக் கணக்கு. 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சிலரை ஒருமுறை கத்தோலிக்க ஜெபமாலையை லத்தீனில் சொல்ல வைத்தார்கள். இன்னொரு முறை ஒரு யோக மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறுக்கு வந்து நின்றது, இதயத்தின் ஓட்டமும் சீரானது. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அது வெளியானது. வேளாங்கண்ணியில் ஜெபமாலை உருட்டும் அம்மாவும், திருவண்ணாமலையில் மந்திரம் சொல்லும் ஐயாவும் சொல்லால் வேறு, மூச்சால் ஒன்று. மதத்தின் பேரால் மல்லுக்கு நிற்பவர்கள் முதலில் மூச்சைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி கைக்கு வருகிறேன். மூச்சு நம் வசம் இருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நம் முதுகு நமக்கு எட்டாது. அங்கேதான் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுப் பாட்டி பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பாருங்கள். மணைப்பலகையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டுவாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலும் சேரும் இடத்தில் பிள்ளையைக் குப்புறப் போடுவாள். உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்துச் சூடு பார்ப்பாள். முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலால் மேலிருந்து கீழே நீவுவாள். மல்லாக்கப் போட்டு, வலக்கையையும் இடக்காலையும் குறுக்கே கொண்டுவந்து தொட வைப்பாள். பிறகு இடக்கையும் வலக்காலும். வீரிட்டு அழுத பிள்ளை வெந்நீர் பட்டதும் அடங்கும். துவட்டி, பால் குடித்ததும் அப்படியே கண் சொருகும். கையையும் காலையும் குறுக்கே மடக்கினாளே, அது ஆசனமா, மசாஜா? பாட்டிக்கு அந்தக் கேள்வியே வந்ததில்லை. அவள் கையில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இதை அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். மியாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற அம்மையாரும் அவர் குழுவினரும் 1986-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், பத்து நாள் நீவிவிட்டு, கை கால்களை மடக்கி நீட்டினார்கள். நீவிவிடாத குழந்தைகளும் ஏறக்குறைய அதே அளவு பால்தான் குடித்தன. ஆனால் நீவிவிட்ட குழந்தைகளின் எடை நாளுக்கு 47 சதவீதம் கூடுதலாக ஏறியது. ஆறு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயின. தொடுவதும் ஊட்டம்தான் என்று அன்றைக்கு மருத்துவ உலகம் குறித்துக்கொண்டது.

தோலுக்கு அடியில் சில நுண்ணிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாகத் தடவும்போதுதான் அவை நன்றாகத் துடிக்கின்றன. அந்த வேகத்தைத்தான் மனிதர்கள் இதமானது என்றும் சொல்கிறார்கள். தாய் பிள்ளையின் முதுகைத் தடவும் வேகம் ஏறக்குறைய அதுதான். யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை.

பிள்ளைக்கு இவ்வளவு தொடுகை கொடுத்தோம். எழுபது வயதானவருக்கு? மாத்திரைப் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். வெளியூரிலிருந்து தினமும் வீடியோவில் முகம் காட்டுகிறோம். கடைசியாக அவர் கையை யார் பிடித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரத்தம் எடுக்க வந்த பரிசோதனைக்கூடப் பையன் என்பார்! தலைவலி, கால்வலி என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதில் பாதி, "என் பக்கத்தில் வந்து உட்கார்" என்பதுதான்.

உயிருக்கு என்ன நன்மை என்றால், என் கணக்கில் அது இங்கேதான் தொடங்குகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்தைப் பேசுகிறது. உடம்பைத் தள்ளிவிட்டு மேலே போகலாம் என்று திருமூலர் சொல்லவில்லை. அதற்குள்ளேதான் தேடச் சொன்னார். பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர் மலாயாவில் மருத்துவராக இருந்து, பிறகு ரிஷிகேசம் போய்த் துறவியானவர். துறந்த பிறகும் நோயாளிகளை அவர் துறக்கவில்லை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி எளியமுறை உடற்பயிற்சி வகுத்தபோது, கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, உடலைத் தேய்த்துவிடுவதையும் ஒரு பயிற்சியாகவே சேர்த்தார். நான் இன்று ஒட்டவைக்கப் பார்க்கும் இரண்டையும் அவர் என்றைக்கோ சேர்த்துவிட்டார். அடுத்தவர் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தால் நம் உயரம் கொஞ்சம் குறையும். அகங்காரம் குறைய அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

எச்சரிக்கையும் சொல்லாமல் இறங்கக் கூடாது. காய்ச்சல் இருந்தால், எலும்பு முறிந்திருந்தால், காலில் ரத்தம் உறைந்திருந்தால் மசாஜ் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் நீவாதீர்கள், மருத்துவரிடம் ஓடுங்கள். குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. ரத்த அழுத்தமும் கண் அழுத்தமும் உள்ளவர்களுக்குத் தலைகீழாக நிற்கும் ஆசனம் வேண்டாம். மசாஜ் செய்தால் உடம்பின் நஞ்செல்லாம் வெளியேறும் என்று விளம்பரம் செய்வார்கள், நம்பாதீர்கள்; அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்கின்றன. சர்க்கரை மாத்திரையை நிறுத்து, யோகா போதும் என்று எவர் சொன்னாலும் அந்த வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நிறைவாக மூன்று வேண்டுகோள். நூலகர் ஐயாவுக்கு ஒன்று: இந்த அரங்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா கிடக்கிறது. பெரியவர்களுக்கு நாற்காலி யோகா வகுப்பு ஒன்று தொடங்குங்கள். இந்த ஊர்ப் பெற்றோருக்கு ஒன்று: பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கத் தெரிந்த பாட்டிமார் இருக்கும்போதே இளம் தாய்மாரும், முக்கியமாக இளம் தந்தைமாரும், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வர்மம், தொக்கணம் வேண்டுமென்றால் பெயர்ப்பலகை பார்த்துப் போகாமல், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் கேளுங்கள்.

மூன்றாவது வேண்டுகோள் உங்கள் எல்லோருக்கும். நாளைக் காலையில் பத்து நிமிடம் உங்கள் மூச்சுக்குக் கொடுங்கள். அதற்கு முன்னால், இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவர் காலை எடுத்து மடியில் வைத்துப் பத்து நிமிடம் பிடித்துவிடுங்கள். "எதுக்குப்பா, வேண்டாம்" என்பார்கள். விடாதீர்கள்.