பத்திரத்தில் இரண்டு பெயர்



நம்ம காரைக்கால் போலகத்தில் ஒரு புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் விலை 40 லட்சம். வங்கிக் கடன் 28 லட்சம். கையிலிருந்து போட்ட 12 லட்சத்தில் 4 லட்சம் கணவர் வெளிநாட்டில் சேர்த்தது, 8 லட்சம் மனைவியின் நகையை விற்றது. பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. "அதான் ரெண்டு பேர் பேரும் இருக்கே" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். யாருக்கு எவ்வளவு என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. இருவரும் அவரவர் பணத்தைப் போட்டு வாங்கினால், போட்ட விகிதத்தில் பங்கு. வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் அதன்படி. ஆதாரமே இல்லையென்றால் சரிபாதி என்று வைத்துக்கொள்வார்கள். அப்போது 8 லட்சமும் 4 லட்சமும் ஒன்றாகிவிடும்.

நகை விற்ற ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். வழவழப்பான வெப்பத்தாள் என்றால் இரண்டு கோடையில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். அன்றைக்கே நகல் எடுத்து வையுங்கள். பணத்தை மனைவியின் கணக்கில் போட்டு, அங்கிருந்தே வீட்டை விற்றவருக்கு அனுப்புங்கள். பாஸ்புக்கில் விழும் அந்த ஒரு வரி, பத்து வருடம் கழித்து நூறு வார்த்தை பேசும்.

பணமே போடாத மனைவிக்கு? 2023 ஜூன் 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் பல வருடம் சவூதியில் இருக்க, மனைவி இங்கே பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்ட குடும்பம் அது. அவர் வீட்டில் உழைத்ததும் சொத்து சேர்த்ததற்கான பங்களிப்புதான் என்று சொல்லி, சில சொத்துகளில் பாதியை அவருக்குக் கொடுத்தது நீதிமன்றம். நியாயமான தீர்ப்பு. ஆனால் அதைப் பெற அந்த அம்மா எத்தனை வருடம் கோர்ட்டு வாசலில் நின்றிருக்க வேண்டும்!

காரைக்காலில் இன்னொன்றும் உண்டு. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன குடும்பங்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சட்டத்தில், கல்யாண ஒப்பந்தம் வேறு மாதிரி இல்லாவிட்டால், மணவாழ்க்கையில் சம்பாதித்தது இருவருக்கும் பொது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வரும் நமக்கு அப்படித் தானாக எதுவும் வராது. நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடன் விஷயம் இன்னும் கடுமையானது. இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வங்கி பங்கு பார்க்காது; முழுக் கடனையும் ஒருவரிடமே கேட்கலாம். அப்படி ஒருவரே முழுதும் அடைத்து அடமானத்தை மீட்டால், மற்றவர் பங்குக்கான தொகையை அந்தப் பங்கின் மேலேயே கேட்கும் உரிமையை சொத்து மாற்றச் சட்டத்தின் 92ஆம் பிரிவு கொடுக்கிறது. அதற்கும் தவணை யார் கணக்கிலிருந்து போனது என்பது தெரிய வேண்டும்.

உயில் எழுதாமல் கணவர் இறந்தால், இந்துக் குடும்பத்தில் அவர் பங்கு முழுவதும் மனைவிக்கு வந்துவிடாது. மனைவி, ஒவ்வொரு பிள்ளை, கணவரின் தாய் எல்லோருக்கும் சம பாகம். ஆனால் கடன் மனைவியின் தலையில் முழுதாகவே நிற்கும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த காப்பீடு யார் உயிருக்கு என்று வங்கியில் கேளுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் இன்னொருவர் பெயரிலும் எடுங்கள்.

கடன் முடிந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவு போட்டிருக்கிறது.

மூலம் வங்கியில் இருந்தாலும் நகல் உங்கள் பீரோவில் இருக்கும். இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அதைப் படியுங்கள். யாருக்கு எவ்வளவு என்று எழுதவில்லை என்றால், இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.