அம்மா, டிஷ்ஷைத் தொட வேணாம்னு சொல்லுங்க

இதைக் கேட்கிற நிறைய பேருக்கு இந்த போன் கால் வந்திருக்கும். நீங்க சென்னையிலோ பெங்களூரிலோ ஆபீஸ்ல இருப்பீங்க. ஆம்பூரிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ அம்மா பேசுவாங்க: "டிவி தெரியலடா. அப்பா மேல ஏறி டிஷ்ஷைத் திருப்பிப் பார்க்கறேங்கறாரு." அந்த ரெண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இந்த எபிசோடு.

நம்ம பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்ட வீடுகள் அதிகம். அந்த சீட் கீழே கம்பி இருக்கிற இடத்துல மட்டும்தான் ஆள் பாரத்தைத் தாங்கும். நடுவுல கால் வெச்சா உடையும், மழைக்குப் பாசி படிஞ்சிருந்தா வழுக்கும். தெருவுல போற கரண்ட் கம்பி சில வீடுகள்ல கைக்கு எட்டுற தூரம்தான். அதனால முதல்ல "அப்பாவை உட்காரச் சொல்லும்மா"ன்னு சொல்லுங்க. பாக்கியை வீடியோ காலிலேயே பார்த்துக்கலாம்.

பின்பக்க கேமராவை டிவி பக்கம் திருப்பச் சொல்லுங்க. "நோ சிக்னல்"னு எழுதியிருக்கா? அப்போ அதை யார் சொல்றாங்கன்னு பாருங்க, டிவியா பெட்டியா? நான் பார்த்த வரைக்கும் முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான். பெட்டியோட ரிமோட்டை எடுத்து மெனு பட்டனை அழுத்தச் சொல்லுங்க. மெனு வந்தா டிவியும் ஹெச்டிஎம்ஐ வயரும் சரி, பிரச்சினை பெட்டிக்கு அந்தப் பக்கம். மெனுவே வரலைன்னா பெரும்பாலும் யாரோ டிவி ரிமோட்ல சோர்ஸை மாத்தியிருப்பாங்க. அக்கா பையன் பென் டிரைவ் போட்டுப் படம் பார்த்துட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருப்பான். பெட்டியில லைட்டே இல்லைன்னா, இல்லை அதுவா அணைஞ்சு அணைஞ்சு எரியுதுன்னா, முதல்ல அடாப்டரைச் சந்தேகப்படுங்க.

மெனு வந்துடுச்சுன்னு வெச்சுக்குவோம். உள்ளே செட்டிங்ஸ்ல சிக்னல் பக்கம் ஒண்ணு இருக்கும். அதுல ரெண்டு கோடு: ஒண்ணு ஸ்ட்ரெங்த், இன்னொண்ணு குவாலிட்டி. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல நாலு கண்டக்டர் ஒரே நேரத்துல ஊர்ப் பேரைக் கத்துறாங்கன்னு நினைச்சுக்குங்க. சத்தம் நிறைய இருக்கு, அது ஸ்ட்ரெங்த். உங்க ஊர்ப் பேரு காதுல தெளிவா விழுதா, அது குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி பூஜ்யம்னா பெரும்பாலும் டிஷ் நகர்ந்திருக்கு, இல்லை மரக்கிளை மறைக்குது. ரெண்டுமே பூஜ்யம்னா கேபிளோ, டிஷ் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற எல்என்பியோ போயிருக்கு. அதுக்கு டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை.

பாதி சேனல் வருது, பாதி வரலைன்னாலும் டிஷ்ஷைத் தொட வேண்டாம். மேல இருக்கிற எல்என்பிக்கு கரண்ட் கீழே இருக்கிற பெட்டியிலிருந்து அதே கேபிள் வழியாத்தான் போகுது. 13 வோல்ட் போனா ஒரு வகை சேனல்கள், 18 வோல்ட் போனா இன்னொரு வகை. கேபிள்ல எங்கேயாவது துரு ஏறிட்டா 18 அனுப்பினாலும் மேல போய்ச் சேரும்போது குறைஞ்சுடும். அப்போ அந்தப் பாதி சேனல்கள் காணாமப் போகும். சந்தா முடிஞ்சிருந்தாலும் சில சேனல் மட்டும் போகும், ஆனா அதைப் பெட்டியே எழுதிக் காட்டிடும்.

துருன்னு சொன்னேன் இல்லையா, நம்ம ஊருக்கு அதுல தனிக் கணக்கு உண்டு. தோல்ல முடி எடுக்க டேனரியில சோடியம் சல்பைடு போடுவாங்க. அதுலேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரலாம், அந்த அழுகின முட்டை நாத்தம். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கிற அதே வாயு செம்பையும் கறுக்க வைக்கும். டேனரியை ஒட்டின தெருவுல வீடு இருந்தா, கேபிள் நுனியில திருகுற அந்த சின்ன எஃப் கனெக்டரை எல்லாத்துக்கும் முன்னாடி சந்தேகப்படுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற நுனியை மட்டும் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. நடுக்கம்பி கறுத்திருக்கா, பச்சை பூத்திருக்கா? வெளிவலையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி நடுக்கம்பியைத் தொடுதா? அந்த ஒரு முடி அளவு கம்பி போதும், ஷார்ட் ஆகி எல்லாமே நின்னுடும். தொடும்போது விறுவிறுன்னு ஷாக் அடிச்சா மட்டும் அதோட விட்டுட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும்.

அப்பா அடுத்து என்ன சொல்வாருன்னு தெரியும்: "பக்கத்து வீட்டுக்காரன் மாடி எடுத்துட்டான், அதான் மறைக்குது." இல்லைன்னா "மலை மறைக்குது." ஆன்டெனா காலத்துல அது சரிதான். அப்போ சிக்னல் எங்கேயோ இருக்கிற டவர்லேர்ந்து படுக்கை வசத்துல வந்தது. இப்போ 36,000 கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து வருது. டிடி ஃப்ரீ டிஷ் சேனல்கள் வர ஜிசாட்-15, 93.5 டிகிரி கிழக்குல இருக்கு. வேலூர் பக்கத்திலிருந்து பார்த்தா அது தென்கிழக்கே, தரையிலிருந்து சுமார் 67 டிகிரி மேல, கிட்டத்தட்ட தலைக்கு மேலன்னே சொல்லலாம். 10 அடி தள்ளியிருக்கிற சுவர் அதை மறைக்கணும்னா டிஷ்ஷை விட 23 அடிக்கு மேல உயரமா இருக்கணும். ஆனா தென்கிழக்குல சாஞ்சு வளர்ந்த முருங்கையும் தென்னை மட்டையும் தாராளமா மறைக்கும். டிஷ் பார்வைக்கு அவ்வளவு மேல பார்க்கிற மாதிரி இருக்காது. அதோட வடிவம் அப்படி, நிஜத்துல அது இன்னும் மேல பார்த்துக்கிட்டு இருக்கு. இது தெரியாம அண்ணாந்து திருப்பி வெச்சுட்டு சிக்னல் போச்சுன்னு சொன்னவங்க நிறைய பேர்.

மழைக்குப் போறது தனி. கோடையில சாயங்காலம் இடி இடிச்சுக் கொட்டும்போது நடுவுல இருக்கிற தண்ணி அந்த அலையை உறிஞ்சிடும். பழைய டிவியில புள்ளி புள்ளியா வந்தாலும் படம் ஓடிச்சு. டிஜிட்டல்ல ஒரு அளவு வரைக்கும் கண்ணாடி மாதிரி இருக்கும், அதுக்குக் கீழே போனா கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுடும். மழை விட்டா தானா வரும். இடி வர மாதிரி இருந்தா முன்னாடியே பெட்டியோட பிளக்கைப் பிடுங்கி வைங்க. இன்னொண்ணு, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சூரியன் சரியா செயற்கைக்கோளுக்குப் பின்னாடி வரும். 93.5 டிகிரிக்கு நம்ம ஊர்ல அது காலை 11 மணி வாக்குல. சில நாள் சில நிமிஷம் படம் உடையலாம். யாரையும் கூப்பிட வேண்டாம்.

கேபிள் கனெக்‌ஷன்னா உங்க கையில இருக்கிறது இன்னும் குறைவு. பக்கத்து வீட்டுல வருதான்னு கேட்கச் சொல்லுங்க. அங்கேயும் இல்லைன்னா லைன் பிரச்சினை. உங்க வீட்டுல கரண்ட் இருந்தும், கேபிள்காரரோட ஆம்ப்ளிஃபையர் இருக்கிற தெருவுல கரண்ட் போயிருக்கலாம்.

சில சமயம் தப்பு எங்கேயோ இருக்கும். 2010 ஜூலை 7-ம் தேதி இன்சாட்-4பி செயற்கைக்கோளோட ரெண்டு சோலார் பேனல்ல ஒண்ணுலேர்ந்து மின்சாரம் வரலை. பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாச்சு. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் சேனல்கள் போச்சு. அன்னைக்கு மாடி ஏறித் திருப்பினவங்க நல்லா இருந்த டிஷ்ஷைத்தான் கெடுத்துக்கிட்டாங்க. 2022 நவம்பர் 19-ல அரசு கேபிள் பெட்டிகள் நின்னதும் அப்படித்தான், மென்பொருள் பக்கத்துக் கோளாறு. அதனால ஸ்பேனரைத் தேடறதுக்கு முன்னாடி, அதே கம்பெனி டிஷ் வெச்சிருக்கிற இன்னொரு வீட்டுக்கு ஒரு போன் போடுங்க.

இவ்வளவும் பார்த்து டிஷ்தான் நகர்ந்திருக்குன்னு தெரிஞ்சா டெக்னீஷியனைக் கூப்பிடுங்க. ஒரு நூல் அளவு அசைவுக்கே சிக்னல் போற வேலை அது, மீட்டர் வெச்சுத்தான் பண்ணணும். ஷூ கம்பெனிக்குப் போற அக்காவுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு, வேலை நாள்ல வந்தா கதவைத் திறக்க ஆள் இருக்குமான்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க. டிஷ் சீட் மேல இருந்தா, முடிஞ்சா அதைச் சுவர்ப் பக்கம் மாத்திக் கொடுக்கச் சொல்லுங்க. கேபிள் வீட்டுக்குள்ள நுழையற இடத்துக்கு முன்னாடி கீழே தொங்குற மாதிரி ஒரு வளைவு விடச் சொல்லுங்க, மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும். வேலை முடிஞ்சு படம் நல்லா வரும்போது, டிஷ் பிடியும் குழாயும் சேருற இடத்துல அவரையே மார்க்கரால ஒரு கோடு போடச் சொல்லி போட்டோ எடுத்து வாங்கிக்குங்க. அடுத்த தடவை டிவி நின்னா, எதிர் வீட்டு மாடியிலிருந்து யாராவது ஜூம் பண்ணி ஒரு போட்டோ அனுப்பட்டும். அந்தக் கோடு ரெண்டும் நேரா இருந்தா டிஷ் நகரலை.