வளையத்தடியில் ஒரு மூத்த கை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில், முன்னாள் விளையாட்டு வீராங்கனைகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

  

படித்த பாடசாலைக்குப் பழைய மாணவிகள் என்ன செய்யலாம் என்று கேட்டால், கட்டடம், கணினி, கேடயம், புலமைப்பரிசில் என்று பதில் வரும். எல்லாம் நல்லவையே. ஆனால் நாங்கள் இன்று கேட்க வந்தது பணமல்ல. உங்கள் காலிலும் கையிலும் இன்னும் மிச்சமிருக்கும் ஆட்டத்தைக் கேட்க வந்திருக்கிறோம்.

ஒவ்வொரு வகுப்பிலும் உயரமான பிள்ளை ஒருத்தி இருப்பாள். கூடைப்பந்தென்றாலும் வலைப்பந்தென்றாலும் அவளை வளையத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு, "பந்து வந்தால் போடு மகள்" என்போம். பல இடங்களில் அவளுக்குக் கிடைக்கும் பயிற்சி அவ்வளவுதான். இரண்டு பேர் சூழ்ந்ததும் பந்து பறிபோகும். "இவ்வளவு உயரமிருந்தும் என்ன பயன்?" என்ற பேச்சு எழும். அடுத்த தவணையில் அந்தப் பிள்ளை மைதானத்துக்கு வரமாட்டாள். வகுப்பிலும் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பாள்.

உண்மையில் கூடைப்பந்தில் சென்டர் நிற்கும் இடம்தான் மிகவும் கடினமானது. மற்றவர்கள் வளையத்தைப் பார்த்து ஆட, அவள் அதற்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்குகிறாள். பின்னால் நிற்பவளைக் கண்ணால் காண முடியாது. முதுகில் விழும் பாரத்தை வைத்தே அவள் வலப்பக்கம் நிற்கிறாளா, இடப்பக்கம் நிற்கிறாளா என்று அறிய வேண்டும். முழங்காலை மடித்துத் தாழ்ந்து நின்று, ஒரு காலை ஊன்றி, மறு காலைப் பின்னால் வைத்துத் திரும்ப வேண்டும். எறிவதுபோல் காட்டி, மற்றவள் துள்ளிய பிறகு எறிய வேண்டும். வளையத்தடிக் கட்டத்தில் 3 விநாடிக்கு மேல் தங்கவும் முடியாது. இவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம்; ஆனால் அந்தப் பாரத்தைத் தன் முதுகில் சுமந்த ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும்.

பெரியவர்களின் ஆட்டமும் இப்படித்தான் கைமாறியது. நைஜீரியாவின் லாகோஸில் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவோன் முதலில் உதைபந்தாட்டமும் கைப்பந்தாட்டமும் ஆடியவர். 1980இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது கூடைப்பந்து அவருக்குப் புதிது. அந்த நகரத்தின் பொது விளையாட்டு மண்டபமொன்றில், கோடை விடுமுறைகளில், அப்போது அமெரிக்காவின் முதல்தர சென்டராக இருந்த மோசஸ் மலோன் அந்த இளைஞருடன் உடம்போடு உடம்பு மோதி ஆடினார். அந்த மோதல்தான் பாடம். 1994இலும் 1995இலும் ஒலாஜுவோனின் ஹூஸ்டன் அணி சம்பியனானது. 1995 பெப்ரவரியில் ரமழான் நோன்பு நோற்றுக்கொண்டே ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானவரும் அவரே.

2002இல் ஓய்வுபெற்ற பிறகு, வாங்கியதை அவர் திருப்பிக் கொடுத்தார். 2009இல் கோபி பிரையன்ட் அவரிடம் போனார். 2011 இறுதிப் போட்டித் தொடரில் தோற்ற லெப்ரோன் ஜேம்ஸும் அந்தக் கோடையிலேயே போனார். உலகமறிந்த வீரர்கள், வளையத்துக்கு முதுகு காட்டி நிற்கும் கலையை முதலாம் வகுப்புப் பிள்ளைபோல் படித்தார்கள். அடுத்த ஆண்டு ஜேம்ஸின் அணி சம்பியனானது. அந்தப் பாடம் மட்டுமே காரணமென்று சொல்லமாட்டோம். ஆனால் வளையத்தடியில் அவருடைய ஆட்டம் மாறியதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஒரு சில நாள் பாடம் எல்லாருக்கும் போதாது. 2005இல் 17 வயதில் லேக்கர்ஸ் அணிக்கு வந்த அன்ட்ரூ பைனமுக்கு, 38,387 புள்ளிகள் எடுத்து ஓய்வுபெற்ற கரீம் அப்துல் ஜப்பார் பல பருவங்களாகப் பயிற்சி கொடுத்தார். 2012இல் பைனம் நட்சத்திர வீரர்கள் போட்டிக்குத் தெரிவானார். அந்தக் கரீமே சிறுவயதில் பழகியது, முன்னோடி சென்டரான ஜோர்ஜ் மைக்கனின் பெயரால் வழங்கும் பயிற்சி: வளையத்துக்குக் கீழே நின்று வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று, பந்து நிலத்தில் விழாமல் மாறிமாறிப் போடுவது. இதற்குச் செலவில்லை. ஒரு பந்தும் ஒரு வளையமும் போதும்.

நமது பிள்ளைகள் அதிகம் ஆடுவது வலைப்பந்து. வளையம் இரண்டிலும் 3.05 மீற்றர் உயரம்தான். ஆனால் வலைப்பந்தில் உடம்பால் இடிக்கக் கூடாது. பந்தை 3 விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. ஆகவே இடம்பிடிப்பதும் ஊன்றிய காலில் திரும்புவதும் இங்கே இன்னும் முக்கியம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை எல்லாரும் 6 அடி 10 அங்குல உயரத்துக்காகவே பேசுகிறார்கள். இலங்கை 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தவர் அவர். 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவரும் அவரே. உயரம் இறைவன் கொடுத்தது. பந்தைத் தலைக்கு மேல் வாங்கி, நிலை குலையாமல், நூற்றுக்கணக்கான தடவை தவறாமல் போடுவது பழகிப் பெற்றது.

எங்கள் வேண்டுகோள் சிறியது. வலயமட்டம், மாகாணமட்டம் வரை ஆடிய ராத்தாமாரும் அக்காமாரும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் மைதானத்துக்கு வாருங்கள். அணியைப் பயிற்றுவிப்பது விளையாட்டு ஆசிரியையின் வேலை; அதில் நாம் தலையிட வேண்டாம். ஒருவர் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுங்கள். ஒரு தவணைக்கு ஓர் அசைவு போதும். பின்னால் நின்று அளவாகத் தள்ளிப் பாருங்கள். அவள் சரியாகத் திரும்பும்வரை பொறுத்திருங்கள். கட்டாரிலும் லண்டனிலும் இருப்பவர்கள், பிள்ளை ஆடும் வீடியோவைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லலாம். விடுமுறைக்கு வரும்போது நேரில் நிற்கலாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் தாய், அங்கே தன்னோடு படித்தவள் நிற்கிறாள் என்றால் மனநிறைவோடு அனுப்புவாள். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமே 2017இல் தலையை மூடி ஆட அனுமதித்துவிட்டது. சட்டம் திறந்த கதவைத் தயக்கம் மூடிவைக்க வேண்டாம்.

உயரமான பிள்ளை தோளை நிமிர்த்தி நடப்பதற்கு, "நானும் அங்கேதான் நின்றேன், இப்படித் திரும்பு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த மண்டபத்தில் இருக்கிறார். வெளியே மேசையில் கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது பெயரையும், எந்த நாள் பின்னேரம் வர முடியும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.