உறுப்பு தானமும் உண்மையுரைத்தலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்தனர். அதன் பின்னர் தமிழகத்தில் உறுப்பு தானம் பெரிதும் வளர்ந்தது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளுடன் இதனை அனுமதித்தது. மாற்றுக் கருத்துடைய உலமாப் பெருமக்களும் உள்ளனர். அவ்விவாதத்தினுள் இன்று நான் செல்லவில்லை. இதில் குடும்பத்தாருக்குரிய ஒரு பொறுப்பையே கூற விழைகிறேன்.

"தானமாகப் பெற்ற உறுப்பின் வழியே புற்றுநோய் வருமா?" எனச் சிலர் வினவுகின்றனர். வரலாம், ஆயினும் மிக அரிது. பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் ஐவர் வரை என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். 2007இல் ஐரோப்பாவில் பக்கவாதத்தால் இறந்த 53 வயதுப் பெண்மணி ஒருவரின் நுரையீரல், கல்லீரல், சிறுநீரகங்கள் ஆகியவற்றைப் பெற்ற நால்வருக்கு, 16 மாதங்கள் முதல் 6 ஆண்டுகளுக்குள் மார்பகப் புற்றுநோய் தோன்றியது. மூவர் மாண்டனர். ஒருவர், பெற்ற சிறுநீரகத்தை அகற்றிச் சிகிச்சை பெற்று நலமடைந்தார். அப்பெண்மணியிடம் முன்னர் செய்த சோதனைகளில் நோய் புலப்படவில்லை.

புதிய உறுப்பை உடல் ஒதுக்கிவிடாதிருக்க, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தரப்படுகின்றன. உறுப்பினுள் மறைந்திருக்கும் புற்றணுக்கள் வளர அதுவே வழியாகிவிடுகிறது. ஆகவேதான் இறந்தவரின் நோய் வரலாற்றை மருத்துவர்கள் குடும்பத்தாரிடம் துருவித் துருவிக் கேட்கின்றனர்.

சகோதரர்களே! எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமக்கல்லுக்கோ சேலத்திற்கோ கொண்டு செல்லப்படும் நம்மவருடன் பழைய மருத்துவச் சீட்டுகள் செல்வது அரிது. அங்கு நம் வாய்மொழியே ஆவணம். கட்டி இருந்ததா, அறுவை சிகிச்சை நடந்ததா, காரணமின்றி உடல் மெலிந்ததா என அவர்கள் கேட்பர். "கூறினால் மகளின் நிக்காஹ் தடைபடுமே" என அஞ்சி மறைப்போரும் உண்டு. மய்யித்தின் குறையைப் பரப்புதல் கூடாதுதான். ஆனால் பிறர் உயிரைக் காக்க வேண்டி மருத்துவரிடம் மட்டும் உரைப்பது புறம்பேசுதல் ஆகாது, அது அமானிதம். ஊராரிடம் மறைக்கலாம், மருத்துவரிடம் மறைத்தலாகாது. மறைத்துக் கொடுக்கும் தானம் பெறுபவருக்குத் தீங்காகவே முடியும்.

உறுப்பு வேண்டிக் காத்திருப்போர் இதனைக் கேட்டு அஞ்சிப் பின்வாங்க வேண்டாம். செயலிழந்த உறுப்புடன் காத்திருப்பதிலேயே பெரும்பாலோர்க்கு ஆபத்து மிகுதி. பெற்ற பின்னர் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். மருந்தைத் தாமாக நிறுத்தாதீர்கள்.

ஒவ்வோர் இல்லத்திலும் மருத்துவச் சீட்டுகளை ஒரே பையில் இட்டுப் பாதுகாத்து வையுங்கள். உண்மையுரைக்கும் உறுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.