பெயரெழுதிய கல்

சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் பாடியதாகக் கிடைக்கும் எட்டுப் பாடல்களில் ஒன்றே ஒன்றுதான் புறத்திணை. புறநானூற்றின் 279ஆம் பாட்டு. முன்னொரு நாள் போரில் ஒரு பெண்ணின் தமையன் யானையை வீழ்த்தி மடிந்தான். நேற்றைய போரில் ஆநிரையைக் காத்துக் கணவன் வீழ்ந்தான். இன்று மறுபடியும் பறை கேட்கிறது. ஒரே மகனுக்குத் தலைவாரி, வெள்ளுடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள் அந்தத் தாய். பாடியவரின் ஊர் தெரியும், பெயர் தெரியும். அனுப்பப்பட்ட பையன் யார்? பாட்டில் அவன் பெயர் இல்லை.

பெயரைக் காக்கும் வேலையை அந்தக் காலத்தில் கல் செய்தது. வீரனுக்குக் கல்லெடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல் எனப் படிப்படியாக வகுக்கிறது தொல்காப்பியம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்பிராமி நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்தவனை அந்தவன் என்று பெயர் சொல்லியே குறிக்கிறது. அவன் வேந்தன் அல்லன். மாட்டுமந்தைக்காக நடந்த சண்டையில் உயிர்விட்ட ஊர்க்காரன். அவனுக்கும் எழுத்துப் பொறித்த கல் இருந்தது.

முதல் உலகப்போர் முடிந்தபின் சென்னை மாகாணத்துக் கிராமங்கள் பலவற்றில் ஆங்கில அரசு சிறு கல்வெட்டுகளைப் பதித்தது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தார்கள் என்பதே வாசகம். எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. பெயரில்லாத கல்லில் எந்தத் தாய் தன் மகனைத் தேடுவாள்? அரசு அன்று விட்ட குறை அது. இன்னும் தீர்க்கப்படாமலே கிடக்கிறது.

பெயர் நிலைத்தவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் சுபேதார் சுப்பிரமணியன். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கீழொட்டிவாக்கத்துக்காரர். 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தவர். பாலம் கட்டுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி அகற்றுவது அந்தப் படையின் வேலை. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே, கண்ணிவெடி நிலத்தில் காயம்பட்டுக் கிடந்தவர்களை மீட்க அவர் ஒரு சிறு குழுவுடன் போனார். குழுவில் ஒருவர் கால்பட்டு ஒரு வெடி இயங்கிவிட்டது. அது வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. விலகி ஓட அந்த நொடிகள் அவருக்குப் போதாமல் இருந்திருக்கலாம். அவர் ஓட முயலவே இல்லை. வெடியின் மேலேயே விழுந்து அதைத் தன் உடம்பால் மூடினார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். இத்தாலியின் சாங்ரோ ஆற்றங்கரைக் கல்லறைத் தோட்டத்தில், எரியூட்டப்பட்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்களுக்கான நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் இருக்கிறது.

விருது வாங்காதவர்களே மிகுதி. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். பர்மாப் போரில் இறந்து, உடலும் கிடைக்காமல் போன காமன்வெல்த் வீரர்கள் ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் ரங்கூன் அருகே தௌக்யான் தூண்களில் வெட்டப்பட்டுள்ளன. மலேயாத் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்து இறந்த தமிழர்களுக்கோ அந்தத் தூண்களில் இடமில்லை. எதிரெதிர் அணிகளில் நின்றாலும் இருவகைத் தமிழரும் தமிழ்நாட்டு ஊர்களை வேராகக் கொண்டவர்கள்தாம். ஒவ்வோர் ஊரும் தன் வீரர்களின் பெயர்ப்பட்டியலை எழுத வேண்டும்; அதில் இருவகையினருக்கும் இடம் வேண்டும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் பலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் குறிக்கப்பட்டுள்ளன. மாசாத்தியாரின் ஒக்கூரைச் சேர்ந்த வீரரைத் தேடுபவர் சிவகங்கை மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. அது 1985இல்தான் பிறந்தது. ராமநாதபுரம் என்றே தேட வேண்டும். பெட்டியடியில் கிடக்கும் ஓய்வூதியத் தாள், பதக்கம், சீருடைப் படம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முதல் பட்டியலை ஊர்ப் பள்ளி மாணவர்களே எழுதிவிடலாம்.